இணையவழிப் பாடத்தில் எழுத்து விடைகளைத் திரட்ட எது ஏற்றது?

கேள்வி:
வணக்கம். முழுக்க இணையவழியில் ஒரு பாடத்தை நடத்தி வருகிறேன். மாணவர்கள் வாரந்தோறும் ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 300 சொற்களில் விடை எழுத வேண்டும். இப்போது எல்லாம் மின்னஞ்சலில் வருகின்றன: ஒருவர் வேர்டு கோப்பை இணைக்கிறார், ஒருவர் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறார், வேறொருவர் பெயரையே குறிப்பிடுவதில்லை. இணையப் படிவங்கள் வழியாக விடை பெறும் கூகுள் ஃபார்ம்ஸுக்கு மாறலாமா? எங்களிடம் மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளமும் உண்டு; ஆனால் பாடக்குறிப்புகளை ஏற்றுவதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறோம்.

மறுமொழி 1:
விடை வந்து சேர்ந்த பிறகு அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இதை முடிவு செய்ய வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸ், வரிக்கு ஒருவர் என்று விடைகளை நேரத்தோடு விரிதாளில் அடுக்கித் தரும்; பாடம் எந்த அளவுக்குப் புரிந்திருக்கிறது என்று அறிய இரண்டு மூன்று வரி எழுதச் சொல்வதற்கு அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் 300 சொற்கள் ஒரே கட்டத்துக்குள் அடைந்து கிடந்தால் படிப்பதே பெரும்பாடு. படிவத்தை வினாடி வினாவாக மாற்றிக் கருத்தும் மதிப்பெண்ணும் அனுப்பலாம்தான். எனினும் மாணவர் அதே விடையைத் திருத்தி அனுப்பினால் புதிய வடிவம் விரிதாளில் பழையதன் இடத்தில் ஏறிவிடும் என்பதால், அவர் எதைத் திருத்தினார் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதன்று. மூடிலில் விடைகளைச் சமர்ப்பிப்பதற்கான அசைன்மென்ட் பகுதியில் ஆன்லைன் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்துச் சொல் வரம்பையும் கடைசி நாளையும் குறித்துவிட்டால், மாணவர் உலாவியிலேயே எழுதுவார். நீங்களும் அங்கேயே படித்துக் கருத்து எழுதலாம். மறுமுயற்சிக்கு அனுமதித்தால் முந்தைய விடையும் தனியே இருக்கும்.

மறுமொழி 2:
எல்லா விடைகளும் ஆசிரியரை மட்டுமே சேர வேண்டும் என்பதில்லையே. கருத்து மாறுபடக்கூடிய கேள்வியாக இருந்தால், மூடிலின் மன்றத்தில் கேள்வி-பதில் வகையைப் பயன்படுத்துங்கள். தாம் எழுதிப் பதிவிடும் வரை பிறருடைய விடையை மாணவர் பார்க்க முடியாது. பதிவிட்ட பிறகும் திருத்துவதற்கான அவகாசம், பொதுவாக 30 நிமிடம், கழிந்தாக வேண்டும். பார்த்து எழுதும் வழக்கம் அதனால் கணிசமாகக் குறையும்.

மறுமொழி 3:
எதைத் தேர்ந்தாலும் சில நுணுக்கங்களைக் கவனியுங்கள். ஃபார்ம்ஸில் பாதி எழுதிய விடை தானாகச் சேமிக்கப்பட வேண்டுமானால், மாணவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். அங்கு விடையின் நீளத்துக்கென உள்ள வரம்பு சொல்லால் அல்ல, எழுத்தெண்ணிக்கையால்தான் அமையும். தமிழில் எழுதினால் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், ஆங்கிலத்துக்கு வைக்கும் வரம்பை அப்படியே வைத்துவிடாதீர்கள். சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பாக) இறக்கிய தமிழ் விடைகளை எக்செலில் நேரடியாகத் திறந்தால் சிதைந்து தெரியக்கூடும், எழுத்துக் குறியாக்க முறை யு.டி.எஃப்-8 என்று குறிப்பிட்டு இறக்குமதி செய்தால் சரியாகிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வார விடைகளுக்கு அசைன்மென்ட்டையே வைத்துக்கொள்கிறேன். திருத்தும்போது மாணவர் பெயர் தெரியாமலிருக்க வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. அசைன்மென்ட் அமைப்புகளில், பெயரை மறைத்துச் சமர்ப்பிப்பதற்கான தெரிவை இயக்குங்கள். ஆனால் முதல் விடை வந்துவிட்டால் அந்தத் தெரிவை மாற்ற முடியாது. ஆகவே மாணவர்களுக்குத் திறந்துவிடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.