1880களின் விட்ச் ஹேசல் ஷீட்: லேபிள் பெயரை நம்பலாமா?

இலைக்காம்பு:
அமெரிக்காவின் மிசூரியில் சேகரித்த, விட்ச் ஹேசல் என்ற புதர்ச் செடியின் ஹெர்பேரியம் ஷீட் (உலர்த்திய தாவர மாதிரி ஒட்டிய தாள்). லேபிளில் ஹமாமெலிஸ் வர்ஜினியானா என்ற விட்ச் ஹேசல் இனத்தின் பெயர், தேதி பிப்ரவரி 1880கள். ஒரே தாளில் பூத்த கிளை ஒன்று, முழு இலைகளோடு இன்னொன்று. காய்கள் எல்லாம் வாய் பிளந்து காலி. டிஜிட்டல் பதிவில் பெயரை அப்படியே ஏற்றலாமா? தாளின் ஓரத்தில் சாம்பல் கறை வேறு.

நட்சத்திரத்தூவி:
லேபிளில் உள்ளதை எழுத்து மாறாமல் ஏற்றுங்கள். ஆனால் அடையாளமாக அதை ஏற்காதீர்கள். ஹமாமெலிஸ் வெர்னாலிஸ் என்ற இன்னொரு விட்ச் ஹேசலை தாவரவியலாளர் சார்ஜென்ட் தனி இனமாக விவரித்ததே 1911இல்தான். அதற்கு முன் மிசூரியை உள்ளடக்கிய ஓசார்க் மலைப் பகுதியில் பறித்தது வர்ஜினியானா என்றே பெயர் வாங்கியிருக்கும். வர்ஜினியானா பொதுவாக இலையுதிர் காலத்தில் பூக்கும். பிப்ரவரிப் பூ என்றால் வெர்னாலிஸ் மீதுதான் சந்தேகம்.

உறுதிப்படுத்த இதழை அளக்க வேண்டும்: வர்ஜினியானாவில் 10–20 மி.மீ., வெர்னாலிஸில் 7–10. நாடா போன்ற இதழ் காயும்போது சுருண்டுவிடும், அப்படியே அளந்தால் எல்லாமே வெர்னாலிஸ் ஆகிவிடும்! கிளையில் கை வைக்காமல், ஷீட்டில் ஒட்டிய சிறு உறையில் உதிர்ந்து கிடக்கும் பூ இருந்தால் ஒன்றை எடுத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்ட நீரில் கொதிக்க வைத்து, லென்ஸுக்குக் கீழே ஊசியால் நீவி நிமிர்த்துங்கள். நிறத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், பழைய ஷீட்டில் அது மங்கியிருக்கும்.

பிப்ரவரியில் பசுமையான முழு இலை இருக்காது. அந்தக் கிளை வேறு நாளில், ஒருவேளை வேறு செடியிலிருந்தே வந்திருக்கும். இரண்டையும் தனித்தனியாக அடையாளம் காணுங்கள்.

காலிக் காய் கோளாறல்ல. காய்ந்ததும் வெடித்துக் கறுப்பு விதைகளை எறிவதுதான் அதன் இயல்பு. அழுத்தும் தாள்களுக்கு இடையிலேயே வெடித்திருக்கலாம்.

கறைத்தாள்:
கொதிக்க வைப்பதை விடுங்கள். அந்தக் கறை பூச்சிக்காகப் பூசிய பாதரச குளோரைடாக இருக்கலாம். சூடாக்கினால் ஆவி வரும். சாதாரண நீரிலேயே கூடுதல் நேரம் ஊறட்டும். நைட்ரைல் கையுறை, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம். கறை இல்லாத ஷீட்டும் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. எக்ஸ்ரே கொண்டு தனிமங்களைக் கண்டறியும் எக்ஸ்ரே ஃப்ளூரசன்ஸ் கருவி இருந்தால் பாதரசம் உண்டா என்று சோதித்துவிடலாம்.

இலைக்காம்பு:
அதே ஷீட் கட்டுக்குள் லிக்விடாம்பர், பக்லாண்டியா என்ற மரப் பேரினங்களின் ஷீட்டுகளும் உள்ளன. அவை எந்தக் குடும்பத்தில் போகும்?

நட்சத்திரத்தூவி:
லிக்விடாம்பர் இப்போது அல்டிஞ்சியேசியே குடும்பம். பக்லாண்டியா விட்ச் ஹேசல் குடும்பத்திலேயே இருக்கும், பெயர் மட்டும் எக்ஸ்பக்லாண்டியா; பழைய பெயர் முன்பே ஒரு புதைபடிவத் தாவரத்துக்குப் போய்விட்டதால் 1946இல் மாற்றினார்கள். பழைய லேபிளில் அடித்துத் திருத்தாமல், தேதியோடு புதிய துண்டுச் சீட்டு ஒட்டுங்கள்.