ஏ2 தேறியும் வாய் திறக்கவில்லை: கல்லூரியில் இருந்தபடியே ஜெர்மன் பேசிப் பழக என்ன வழி?

சென்னிமலைத் தறி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதுநிலைப் படிப்புக்கு ஜெர்மனி போக வேண்டும் என்ற எண்ணத்தில் இரண்டு ஆண்டுகளாக ஜெர்மன் கற்று, ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கெதே நிறுவனத்தின் ஏ2 தேர்வில், அதாவது ஆறு நிலைகளில் இரண்டாவதில், நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சுத் தேர்வு கால் மணி நேரம்தான். அதன் கடைசிப் பகுதியில் இரண்டு பேரிடம் ஆளுக்கொரு நாட்குறிப்பைக் கொடுத்து, இருவருக்கும் ஒத்துவரும் நேரத்தைப் பேசி முடிவு செய்யச் சொல்வார்கள். இருபது வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்ததால் அதை ஒப்பேற்றிவிட்டேன்.

சென்ற மாதம் திருப்பூரில் என் மாமாவின் நிட்டிங் யூனிட்டுக்கு வட்டப் பின்னல் எந்திரம் பொருத்துவதற்காக ஜெர்மனியிலிருந்து வயதான ஒரு மெக்கானிக் வந்திருந்தார். "எங்க புள்ள உங்க பாசை படிச்சிருக்குதுங்க" என்று மாமா என்னை முன்னால் நிறுத்தினார். நான் வணக்கம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்து, "வோ ஹாபென் ஸீ டொய்ச் கெலெர்ன்ட்?" என்று கேட்டார். எங்கே ஜெர்மன் கற்றீர்கள் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. ஆனாலும் விடையை முதலில் ஆங்கிலத்தில் கோர்த்து, அதைப் பிறகு ஜெர்மனாக மாற்றி, வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் அவர் அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் என்னிடம் ஜெர்மன் பேசவில்லை.

எங்கள் கல்லூரியில் ஜெர்மன் படிப்பவர்கள் பதினைந்து பேர் இருக்கிறோம். ஒரு மன்றம் தொடங்கலாமா, இணையம் வழியாக யாருடனாவது பேசிப் பழகலாமா என்று யோசிக்கிறோம். வீட்டில் பெரியவர்களோ, "அங்கே போனால் தானாக வந்துவிடும், கிணற்றில் தள்ளிவிட்டால் நீச்சல் வராதா" என்கிறார்கள். அது உண்மையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அமராவதிக்கரை

தங்கைக்கு வணக்கம். எனக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம். ஜெர்மனியின் ஆகென் நகரில் முதுநிலை முடித்து இப்போது அங்கேயே வேலையில் இருக்கிறேன். கிணற்று நீச்சலைப் பற்றிக் கேட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரில் யாரும் குழந்தையை வெறுமனே கிணற்றில் தள்ளுவதில்லை. இடுப்பில் கயிற்றையோ முதுகில் சுரைப்புருடையையோ கட்டித்தான் இறக்குகிறோம், மேலே ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் அந்தக் கயிறு இல்லாமல்தான் போனேன்.

என் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். முதல் அரையாண்டு மூன்று இந்தியர்களோடு ஒரே வீட்டில் தங்கினேன், நால்வரும் சேர்ந்து சமைத்தோம், சேர்ந்தே வகுப்புக்குப் போனோம், கடையில் தானியங்கி எந்திரத்தில் பணம் கட்டினோம். ஆறு மாதத்தில் நான் வாய்விட்டுப் பேசிய ஜெர்மன் முழுவதையும் ஒரு தாளில் எழுதிவிடலாம். இங்குள்ளவர்கள் நல்லவர்கள். நாம் திணறினால் உதவி செய்வதாக எண்ணி உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், உங்கள் மெக்கானிக் செய்தது போலவே. அதனால் நீங்கள் முதலில் பழக வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: "கோனென் விர் பிட்டெ டொய்ச் ஷ்ப்ரெஹென்?" தயவுசெய்து நாம் ஜெர்மனிலேயே பேசலாமா என்று பொருள். இதைத் தயங்காமல் சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று.

என்னை மாற்றியது பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பிரிவு. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பல விளையாட்டுகளுக்குப் பயிற்சி நடத்துவார்கள். உடுமலையில் வாலிபால் ஆடி வளர்ந்தவன் என்பதால் அதில் சேர்ந்தேன். முதல் வாரம் பயிற்சி "ஹால்ப் ஆஹ்ட்" என்று சொன்னார்கள். ஹால்ப் என்றால் அரை, ஆஹ்ட் என்றால் எட்டு, ஆகவே எட்டரை என்று எடுத்துக்கொண்டு எட்டேகாலுக்கே போய் நின்றேன். ஆட்டம் பாதி முடிந்திருந்தது. நாம் எட்டுக்கு மேல் அரையைக் கூட்டுகிறோம், அவர்கள் எட்டை நோக்கி அரை வந்திருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அதாவது ஏழரை. புத்தகத்தில் இதைப் படித்து, தேர்விலும் சரியாக எழுதியிருந்தேன். ஆனால் வியர்க்க விறுவிறுக்கப் போய்ப் பூட்டிய கதவைத் தட்டிய பிறகுதான் அது என் உடம்பில் ஏறியது.

ஆடுகளத்தில் பந்து கோட்டுக்கு வெளியே போகும்போது "அவுஸ்" என்று கத்த வேண்டும். மனத்துக்குள் மொழிபெயர்க்க நேரமே கிடையாது, ஒரு நொடி தாமதித்தாலும் பக்கத்தில் நிற்பவர் பந்தைத் தொட்டுவிடுவார். அப்படிக் கத்தத் தொடங்கிய மூன்றாம் வாரத்திலிருந்துதான் நாக்கு தளர்ந்தது. இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. நம் கொங்குப் பழக்கத்தில் யாரிடமும் "ங்க" போட்டுத்தானே பேசுவோம், அந்த நினைப்பில் அணித் தோழர்கள் எல்லாரையும் "ஸீ" என்று மரியாதைப் பன்மையில் அழைத்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் தங்களுக்குள் "டூ" என்றுதான் சொல்லுவார்கள். நான் காட்டிய மரியாதை, ஒதுங்கி நிற்பதாகவே அவர்களுக்குப் பட்டிருக்கிறது. ஒரு தோழர் தனியே அழைத்துச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

பிறகு வீட்டை மாற்றி, பல நாட்டவர் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் மாணவர் விடுதிக்குப் போனேன். அங்கே யார் எந்த வாரம் துடைப்பது என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். அடுப்பைக் கழுவாதது நான் இல்லை என்று நிறுவ வேண்டிய அன்று, என்னிடம் இருப்பதாக நானே அறியாத இறந்தகால வினைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

பகுதிநேர வேலையைப் பற்றி ஒரு சொல். நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. அதைக் கிடங்கில் பெட்டி அடுக்குவதில் செலவிட்டால் சம்பளம் மட்டும் கிடைக்கும். ரொட்டிக் கடையின் விற்பனை மேசைக்குப் பின்னால் நின்றால் சம்பளத்தோடு மொழியும் கிடைக்கும். ஆனால் அந்த வேலைக்கு எடுக்கவே ஓரளவு பேச்சு வேண்டும், அந்த ஓரளவை நம் ஊரிலிருந்தே கொண்டுவர வேண்டும்.

கோவை மொழியாசிரியை

அம்மணி, கோவையில் ஒரு கல்லூரியில் நெடுநாளாக ஜெர்மனும் கொஞ்சம் ஜப்பானிய மொழியும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மன்றம் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் தொடங்கு. ஆனால் நான் செய்த தவற்றைச் செய்யாதே.

நான் முதன்முதலில் தொடங்கிய மன்றத்துக்கு "பேச்சுப் பயிற்சி" என்றுதான் பெயர் வைத்தேன். முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள், நான்காம் வாரம் ஆறு பேர். வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, பெயர், ஊர், பொழுதுபோக்கு என்று சொல்லி முடித்தபின் பேச ஒன்றுமில்லாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். பேசுவதற்காகவே கூடினால் பேச்சு வராது. அடுத்த ஆண்டு முறையை மாற்றினேன். ஒரு வாரம் ரவா உப்புமாவை ஜெர்மனில் வழி சொல்லிச் சமைத்தோம். சொல்பவர் பாத்திரத்தைத் தொடக்கூடாது, சமைப்பவர் தமிழ் பேசக்கூடாது. தாளிப்புக்கு ஜெர்மனில் ஒரே சொல் கிடையாது என்பதால், எண்ணெயைக் காயவைத்துக் கடுகு வெடிக்கும்வரை பொறுத்திரு என்று ஒரு மாணவன் முழு வாக்கியமாக விளக்க வேண்டியதாயிற்று. அவன் அந்த அரையாண்டில் பேசிய மிகச் சிறந்த வாக்கியம் அது. இன்னொரு வாரம் சீட்டாட்டம், பிறகு ஒரு வாரம் சிறு நாடகம். கூட்டம் பதினெட்டுப் பேருக்குக் கீழே இறங்கவில்லை.

உன் சிக்கலின் வேர் ஆங்கிலத்தின் வழியே சுற்றிப் போவது. ஜெர்மனில் காரணம் சொல்லும் துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். "வைல் இஷ் ம்யூடெ பின்" என்பதை ஆங்கிலத்திலிருந்து மாற்றுபவர்கள் வினையைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டுத் திணறுகிறார்கள். "நான் களைப்பாக இருப்பதால்" என்று தமிழில் நினைத்துப் பார், வினை தானாகக் கடைசியில் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் இந்த ஒற்றுமை இன்னும் நெருக்கமானது. "என்று நினைக்கிறேன்" என்பதற்கு அவர்கள் "தோ ஒமோய்மாஸ்" என்பார்கள், "என்று" நிற்கும் இடத்திலேயே "தோ" நிற்கும். எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது, ஆனாலும் நம் வீட்டு வழியே போகக்கூடிய இடத்தில் எதற்காக ஊரைச் சுற்ற வேண்டும்?

இணையத்தில் பழகுவதற்கு டாண்டம் என்றொரு முறை உண்டு. 1963இல் பிரான்சும் ஜெர்மனியும் நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டபின் இரு நாட்டு இளைஞர் சந்திப்புகளில் உருவாகி வளர்ந்தது அது. இருவர் சேர்ந்து பாதி நேரம் ஒருவருடைய மொழி, மீதி நேரம் மற்றவருடைய மொழி என்று பேச வேண்டும். கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எது எளிதோ அந்த மொழிக்கே இருவரும் சரிந்துவிடுவீர்கள். தமிழ் கற்க விரும்பும் ஜெர்மானியர் யார் இருக்கிறார்கள் என்று கேட்பாய். ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. அதைவிட அருகில் இருப்பவர்கள் ஈழத்திலிருந்து சென்றவர்களின் பிள்ளைகள். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பிறந்து வளர்ந்த அவர்களுக்கு ஜெர்மன் பள்ளிக்கூட மொழி. தமிழோ வார இறுதி வகுப்பில் கற்றது, பேச ஆசை உண்டு, ஆனால் கூச்சம். உனக்கு ஜெர்மனில் இருக்கும் அதே கூச்சம்தான் அவர்களுக்குத் தமிழில் இருக்கிறது. என் மாணவர்களில் இருவருக்கு இப்படித் துணை கிடைத்தது. தவறு செய்ய அஞ்சாத பேச்சு அங்கேதான் நடந்தது, ஏனென்றால் இருபுறமும் பிழை இருந்தது.

கரூர் படுக்கைவிரிப்பு

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் தேர்வை யாரும் தாழ்த்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிறோம். ஆண்டுதோறும் சனவரியில் பிராங்பர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போய்வருவேன். அங்கே சரளமாகப் பேசி, எழுதும்போது சறுக்குகிற இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்குபவர் அனுப்பும் குறைக் கடிதத்தில், சாயம் எத்தனை துவைப்பில் மங்கியது, எந்தத் தேதிக்குள் மாற்றுச் சரக்கு வேண்டும் என்பதைப் பிழையின்றிப் படித்து, பணிவாகவும் தெளிவாகவும் பதில் எழுதத் தெரிய வேண்டும். அது சமையலறையில் வராது, உட்கார்ந்து படித்தால்தான் வரும். ஏ2வுக்கு அடுத்த நிலையான கெதே பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளையும் தனித்தனியே எழுதித் தேறலாம். பேச்சில் தயக்கம் இருந்தால் மற்ற மூன்றையும் இப்போதே முடித்துவிட்டு, பேச்சுப் பகுதிக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமராவதிக்கரை

கரூர் அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாமல் கையெழுத்திட்டு நான் பட்ட பாடு தனிக் கதை. இருந்தாலும் வரிசை என்று ஒன்று உண்டு. பேசத் தொடங்கியவருக்கு எழுத்து பின்னால் வந்து சேர்கிறது. எழுத்தில் மட்டும் தேர்ந்தவர் பேசத் தொடங்குவது, என்னைப் போலப் பலருக்கும், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது.

சென்னிமலைத் தறி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. உடனே செய்து பார்க்கலாம் என்று நேற்று எங்கள் வகுப்பிலிருந்து எட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்துப்போனேன். தாத்தாவின் கைத்தறி இன்னும் கூடத்தில் இருக்கிறது. ஆசிரியை அம்மா சொன்ன உப்புமா விதியைத் தறிக்கு மாற்றினோம். ஒருவர் தறியில் உட்கார, மற்றவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஜெர்மனில் மட்டும் சொல்ல வேண்டும். தாத்தா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, கை தவறும்போதெல்லாம் தமிழில் திருத்தினார்.

நெடுக்கு நூலான பாவுக்கு "கெட்டெ", குறுக்கு நூலான ஊடைக்கு "ஷுஸ்" என்பது பாடத்திலேயே தெரியும். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவுக்குச் சொல் தெரியாமல் அகராதியைத் தேடினால் "ஷிஃப்ஷென்" என்று இருந்தது, சிறிய கப்பல் என்று பொருள். அதைச் சொன்னதும் தாத்தா எழுந்து வந்துவிட்டார். அவருடைய அப்பா காலத்தில் நாடாவை ஓடம் என்றுதான் சொல்வார்களாம். ஒரு மணி நேரத்தில் நாங்கள் நெய்தது நான்கு விரற்கடை. ஆனால் இடது, வலது, மிதி, இழு, நிறுத்து, அறுந்துவிட்டது என்பதையெல்லாம் யாரும் யோசிக்காமல் கத்தினோம். அடுத்த வியாழக்கிழமையும் கூடுகிறோம். ஒரே ஐயம்: ஷிஃப்ஷென் என்பதற்கு முன்னால் ஆண்பாலைக் காட்டும் டெர் வருமா, பெண்பாலைக் காட்டும் டீ வருமா? எட்டுப் பேரும் எட்டு விதமாகச் சொன்னோம்.

கோவை மொழியாசிரியை

இரண்டும் வராது அம்மணி, இரண்டிலும் சேராத மூன்றாம் பாலுக்குரிய டாஸ் வரும். ஷென் என்று முடியும் சிறுமைப் பெயர் எதுவானாலும் டாஸ்தான். டீ கெட்டெ, டெர் ஷுஸ், டாஸ் ஷிஃப்ஷென். மூன்று பாலும் உங்கள் தாத்தாவின் தறியிலேயே இருக்கிறது. வியாழக்கிழமை இதை ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே நெய்யுங்கள்.