புதுப்பிப்பு: ஏற்காட்டில் நிறுத்திய காரில் பேட்டரி இறங்கியது, காரணம் கிடைத்தது

ஏற்காட்டில் காரைச் சில நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது, புது பேட்டரி போட்டும் அதே கதை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஃபியூஸைப் பிடுங்காமல், அதன் தலையில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளில் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைக்கச் சொன்னாரே ஒருவர், அதுதான் கைகொடுத்தது. பிடுங்கிச் செருகினால் தூங்கிய மின்னணு யூனிட்கள் விழித்து மின்சாரம் இழுத்துக் கணக்கைக் குழப்பும். காரைப் பூட்டி அரைமணி நேரம் விட்டு அளந்து, மில்லிவோல்ட்டை மின்னோட்டமாகக் கணக்கிட்டால், 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டிய கசிவு 300. நாளுக்கு 7 ஆம்பியர்-மணி! 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தே நாளில் காலி.

ஆடியோ ஃபியூஸில் மட்டும் மீட்டர் அசைந்தது. சேலத்தில் மாட்டிய ஸ்டீரியோவின் சாவி வயரை (சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வர வேண்டியது) எப்போதும் மின்சாரம் இருக்கும் நேரடி 12 வோல்ட்டோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஆம்ப்ளிஃபையர் அணையவே இல்லை. வயரை மாற்றியதும் 20தான்.

மலைக்குளிர் பேட்டரியின் திறனைக் குறைக்கும், இப்படி வடிக்காது. அப்புறம், எதிர்பாராத ஒன்று: அடிக்கடி காலியானதில் புது பேட்டரியும் அடிபட்டிருக்கிறது, முழு சார்ஜிலும் 12.4 வோல்ட்தான்.