மகள் கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை: உங்களுக்கும் இப்படி உண்டா?

தூரிக்காரி (காங்கேயம் பக்கம்)

போன மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அக்காளோ தங்கையோ செய்கிற இணைச்சீர் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அக்காள் பேழைமூடி என்கிற மூங்கில் கூடையோடு வந்து நின்றதும் என் சின்னவள், ஆறு வயது, முந்தானையை இழுத்தாள். "அம்மா, நான் யாருக்கு இதைச் செய்வேன்?"

எனக்கு இரண்டும் பெண்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த பெரியத்தை, "உனக்கு ஏது கண்ணு அண்ணன் தம்பி? நீ வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்கிறவர் இல்லை. இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்து காலில் போட்டுத் தண்ணீர் வார்த்தவரே அவர்தான். சின்னவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "அப்படியானால் அக்கா கல்யாணத்தில் அக்காளுக்கு நான் செய்கிறேன்" என்றாள். சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த ஒவ்வொரு முகத்தையும் அவள் வரிசையாகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"செய்யலாம் சாமி" என்று சொல்லியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பந்திக்கு நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டேன். இலையில் ஒப்புட்டு (போளி) வைத்தார்கள். ஒப்புட்டு என்றால் அவளுக்கு உயிர். அன்று தொடவில்லை.

மகள் கேட்டு நீங்கள் பதில் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எனக்கு மட்டும்தான் இப்படியா என்று தெரிந்தாக வேண்டும்.

நாலு பங்காளி

ஒரு திருத்தம். உங்கள் பெரியத்தை சொன்னது தவறு. இணைச்சீர் செய்ய உடன்பிறந்தவளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பங்காளி முறையில் அக்காள் தங்கை யாராவது செய்யலாம். என் கல்யாணத்தில் பெரியப்பா மகள்தான் செய்தார். உங்கள் சின்னவளுக்குப் பெரியப்பா, சித்தப்பா வீட்டில் எத்தனை பையன்கள் இருப்பார்கள்! அதைச் சொல்லியிருந்தால் குழந்தை ஒப்புட்டைத் தின்றிருக்கும். (என் பங்குக்குக் கதை எதுவும் இல்லை. எனக்கு ஒரே பையன்.)

தூரிக்காரி

அண்ணன் கிடைப்பானா என்று அவள் கேட்கவில்லை. அக்காளுக்குச் செய்யலாமா என்று கேட்டாள். அதற்கு உங்கள் முறையில் என்ன பதில்?

பல்லடத்தான்

என்னுடையது மாட்டுச் சந்தைக் கதை. கண்ணபுரம், சித்திரை, மாரியம்மன் தேர்ச் சமயம். காங்கேயம் மாடுகள் எப்படி வந்து நிற்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பா ஒரு மயிலைக் கிடாரியைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மகளுக்கு எட்டு வயது. அப்பாரு (தாத்தா) கையை விட்டு ஒரு அடி நகரவில்லை.

தரகர் துண்டைப் போட்டு மூடி அப்பாவின் விரல்களைப் பிடித்துப் பேரம் பேசுகிறார். இருவர் முகத்திலும் ஒன்றும் தெரியாது. வாயில் வேறு பேச்சு, மழை, தீவன விலை, மகன் கல்யாணம். துண்டுக்குள் மட்டும் வியாபாரம் ஓடுகிறது. இவள் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "உள்ளே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேவிட்டாள். தரகருக்கு வேடிக்கையாகிவிட்டது. "கையை உள்ளே விடு அம்மிணி" என்றார். விட்டாள். அவர் ஏதோ இரண்டு விரலைச் சேர்த்து அழுத்தியிருப்பார் போலிருக்கிறது. துண்டு அசைந்தது. இவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "இரண்டு. சரி, இரண்டாயிரமா, இருபதாயிரமா?"

தரகர் துண்டை எடுத்துவிட்டார். "இந்தக் கேள்வியைக் கேட்கப் பெரிய ஆளுக்கே இரண்டு வருடம் பிடிக்கும்" என்றார். அந்த முகத்தில் அப்போது தெரிந்தது நிஜமான மரியாதை. அடுத்த மூச்சில், "பையனாகப் பிறந்திருந்தால் கூடவே கூட்டிப்போய்த் தொழில் பழக்கிவிடுவேன்" என்றார். நானும் சிரித்துக்கொண்டே, "என்ன செய்வது" என்றேன்.

கிடாரி அன்று விலை படியவில்லை. திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவள், ஊதியூர் மலை தாண்டும்போது காதருகில் வந்து கேட்டாள்: "என்ன செய்வது என்றால் என்ன அப்பா?"

காற்றில் கேட்காதது போல ஓட்டிக்கொண்டு வந்தேன். இப்போது அவளுக்குப் பதினொன்று. மறந்திருப்பாள் என்று மனைவி சொல்கிறாள். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.

கோவை வடக்கு

எட்டு வயதுக் குழந்தையைப் பின்னால் உட்காரவைத்துத் தாராபுரம் ரோட்டில் அவ்வளவு தூரம் கூட்டிப்போனீர்களே, ஹெல்மெட் போட்டிருந்தீர்களா? நான்கு வயதுக்கு மேல் யாராக இருந்தாலும் கட்டாயம், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. கல்யாண வீடு, கோயில் என்று ஒரே வண்டியில் நான்கு பேர் போகிறதை நம் பக்கம்தான் அதிகம் பார்க்கிறேன். என் அக்காள் மகளை இப்படித்தான் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போவார்கள், நான் சண்டை போட்டுச் சின்ன ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன், இப்போது அதில் கோழிக்குத் தவிடு அள்ளுகிறார்கள்.

பல்லடத்தான்

இரண்டு பேரும் போட்டிருந்தோம். அவளுடையது சிவப்பு. கேட்கவில்லை என்று நடிக்க அந்த ஹெல்மெட்தான் எனக்குத் தோதாக இருந்தது.

அமராவதிக்கரை

எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

மகளுக்கு ஒன்பது வயது. தாராபுரத்தில் இருந்து அம்மாயி (பாட்டி) ஊருக்கு டவுன் பஸ். கூட்டம். மூன்று பேர் சீட்டில் அவள் நடுவில், நான் ஜன்னல் ஓரம், அந்தப் பக்கம் ஒரு ஆள். கையில் தூக்குப்போசி, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஆள் போல. எதையாவது செய்தான் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. வளைவு வந்தால் அவன் தோள் இவள் மேல் சாய்ந்தது. பிறகு வளைவே இல்லாத இடத்திலும் சாய்ந்தது. அந்தச் சாலை எனக்குப் பாடம். எங்கே வளையும், எங்கே நேராகப் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனால்தான் தெரிந்தது.

எழுந்தேன். அவளையும் எழுப்பினேன். முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம், முக்கால் மணி நேரம். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தன் ஊர் வந்ததும் தூக்குப்போசியை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

இரவு சடையைப் பிரித்துவிடும்போது கேட்டாள்: "அம்மா, நாம் ஏன் எழுந்தோம்? அவர்தானே எழுந்திருக்க வேண்டும்?"

அவர் என்றாள். பெரியவர்களை அவர், வாங்க, போங்க என்றுதான் சொல்ல வேண்டும் என்று பழக்கியது நான்தான். சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. "தூங்கு, காலையில் பேசலாம்" என்றேன். காலையில் பேசவில்லை.

கோபி பெரியவர்

அமராவதிக்கரை அம்மிணி கவனிக்க. அப்படிப்பட்ட நேரத்தில் எழுந்து போகக் கூடாது. சத்தம் போட வேண்டும். கண்டக்டரைக் கூப்பிட்டு வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். போலீஸ் ஸ்டேஷன் போக வேண்டுமே என்று பயந்துதான் பலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டுக்கே வந்து வாங்கலாம். வருகிற அதிகாரி காக்கி உடுப்பில் வரக் கூடாது. இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அஞ்சல் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். என் கதையும் ஒன்று உண்டு. 1989-இல் நம் மாநிலத்தில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு என்று சட்டம் வந்தது. நாடு முழுவதும் வந்தது 2005-இல்தான். நான் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஏழு வயது. "அப்படியென்றால் கிணற்றில் எனக்கும் பங்கு உண்டா?" என்றாள். சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியது அந்தக் கிணற்றில்தான். "உனக்கு நகை போடுகிறேன்" என்றேன். "நகைக்குள் குதிக்க முடியாதே" என்றாள். நகை போட்டுத்தான் அனுப்பினேன். தோட்டம் மகன் பெயரில் இருக்கிறது. கிணறு வற்றிவிட்டது. அதை விடுங்கள்.

முக்கியமாகச் சொல்ல வந்தது செல்வமகள் சேமிப்புத் திட்டம். 2015-இல் ஆரம்பித்தது. மகளுக்குப் பத்து வயது முடிவதற்குள் கணக்குத் தொடங்கிவிட வேண்டும், அதற்கு மேல் முடியாது. வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பதினைந்து வருடம் கட்டினால் போதும், தொடங்கிய நாளில் இருந்து இருபத்தொரு வருடத்தில் முதிரும். பதினெட்டு வயதுக்குப் பிறகு மேல்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழ் தேவை. அதில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பாதிப் பேர் மருத்துவமனையில் வாங்கிய பெயரில்லாத சான்றிதழோடு கவுன்டருக்கு வந்து நிற்பார்கள், திருப்பி அனுப்பி எனக்கே அலுத்துப்போயிருக்கிறது. பல்லடத்துத் தம்பிக்கு, உங்கள் மகளுக்குப் பதினொன்று என்கிறீர்கள், நீங்கள் ஏற்கெனவே தாமதம்.

சென்னிமலைத் தறி

பெரியவரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அம்மா போன் நம்பர் கேட்கவில்லை. நீங்கள் எழுதியதில் கிணற்றுக் கதை ஆறேழு வரி. நான் அதை மட்டும் மூன்று முறை படித்தேன். "அதை விடுங்கள்" என்று எப்படி விட முடிகிறது?

என்னுடையது சின்னது. எங்கள் வீட்டில் தறிக்கூடமும் படுக்கிற இடமும் ஒரே சுவர். மகள் பிறந்த நாளில் இருந்து தறிச் சத்தத்தில்தான் தூங்குவாள். விருந்தாளிகள் வந்தால் இந்தச் சத்தத்தில் குழந்தை எப்படித் தூங்குகிறது என்பார்கள். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழித்துக்கொள்வாள். விழித்து, "அப்பா, தறி தூங்கிருச்சா" என்பாள். மூன்று வயது மழலை, அதை இலக்கணப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

தை முடிந்து தறிகளை எடைக்குப் போட்டுவிட்டோம். கூலி கட்டவில்லை. லாரியில் ஏற்றும்போது அவளை அமுச்சி (பாட்டி) வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது இரவு பதினொன்று, பன்னிரண்டு வரை புரண்டு புரண்டு படுக்கிறாள். தறி எங்கே என்று கேட்டதற்கு, பழுது பார்க்கப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள். நேற்று மோட்டாரைப் போட்டு, தண்ணீர் தொட்டி நிரம்பி வழிகிற வரை ஓடவிட்டேன். தூங்கினாள்.

கோபி பெரியவர்

தம்பி, மோட்டாரை அப்படி ஓடவிட்டால் காயில் எரிந்துவிடலாம்.

தூரிக்காரி

எல்லாவற்றையும் படித்தேன். அமராவதிக்கரை அக்கா, உங்கள் பதிவுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று முறை எழுதி அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். களத்தில் பெரியவளும் சின்னவளும் கல்யாண விளையாட்டு. பெரியவள் என் பழைய பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றி வந்தாள். திண்ணையில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த பெரியத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்கு வயிறு கலங்கியது. இந்த முறையாவது பதில் சொல்லிவிட வேண்டும் என்று வாயில் வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். "அப்படிப் பிடிக்கக் கூடாது கண்ணு, இப்படிப் பிடிக்க வேண்டும்" என்று கூடையை வாங்கித் திருப்பி அவள் கையில் கொடுத்துவிட்டு, மறுபடியும் கடலைக்காய் உரிக்க உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

நாலு பங்காளி

உங்கள் பெரியத்தை எந்தக் கூட்டம் (குலம்)? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது, கூடையை எப்படிப் பிடிப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும்.