காற்று மேகத்தை நோக்கி ஓடிய மாலை: சூப்பர்செல் (சுழலும் பெரும் இடிமேகம்) அனுபவங்கள்

மேகநோக்கி
மாலை ஐந்து மணிவரை ஒரு மேகமும் உருப்படியாக எழும்பாததால், அன்று எதுவும் நடக்காது என்றே முடிவு கட்டியிருந்தோம். தரையில் வெப்பம் 34 டிகிரி, பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 23 டிகிரி. இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெதுவெதுப்பான உலர்காற்று மூடி போட்டிருந்ததால், சிறு மேகங்கள் தலைதூக்குவதும் உடனே கலைவதுமாக இருந்தன. ஐந்தரை மணிக்கு அந்த மூடி ஓரிடத்தில் மட்டும் உடைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மேகத்தின் தலை பட்டறைக்கல்லைப் போலப் பரந்துவிட்டது. என்னை உறுத்தியது அதன் உயரமல்ல, காற்றின் திசை. மேகம் எங்களுக்கு வடமேற்கே நின்றது. சாதாரண இடிமழையாக இருந்தால் அங்கிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்திருக்க வேண்டும். அன்றோ காற்று வெப்பமும் ஈரமுமாக எங்கள் முதுகைத் தள்ளியது. சாலையோரச் சருகுகள் எங்களைக் கடந்து மேகத்தின் அடிப்பகுதியை நோக்கி வரிசையாக ஓடின. பெருவெப்பமும் ஈரமும் மூடிக்குள் அடைபட்டால் வானம் இப்படித்தான் சூப்பர்செல்லை எழுப்பி மூச்சிழுக்கும் என்று அன்றுமுதல் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

ஈரப்புழுதி
எனக்கு மறக்க முடியாதது ரேடார் படம்தான். இடிப்புயல் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பாதைக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்ற எங்களை அது தொடாது என்று நம்பினோம். அடுத்தடுத்து வந்த மூன்று படங்களில் அந்தப் புயலைக் காட்டும் சிவப்புத் திட்டு நடுவில் வெளுத்து இரண்டாகப் பிரிந்தது. இடப்பாதி வடக்கே விரைந்தோடி மங்கிவிட்டது. வலப்பாதி வேகம் குறைந்து, வலப்புறம் திரும்பி, நேராக எங்களை நோக்கி வந்தது. புயல் பிளக்கும் என்று படித்திருந்தேன். பிளந்ததில் ஒரு பாதி பாதையை மாற்றி என்னிடம் வரும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. ஆலங்கட்டி விழுவதற்குப் பத்து நிமிடம் முன்பே மேகத்துக்குள்ளிருந்து இடையறாத ஓர் உறுமல் கேட்டது.

பலூன்கணக்கு
மேகநோக்கி எழுதியதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. அடைபட்ட வெப்பமும் ஈரமும் வலுவான இடிமேகத்தைத் தரும், சூப்பர்செல்லைத் தரமாட்டா. மூடி போட்ட பானை என்ற உவமையைப் பலரும் சொல்கிறார்கள்; பானைக்குள் சுழற்சி எங்கிருந்து வரும்? தரைக்கும் ஆறு கிலோமீட்டர் உயரத்துக்கும் இடையில் காற்றின் வேகத்திலும் திசையிலும் உள்ள வேறுபாடு நொடிக்கு 20 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். அந்த வேறுபாட்டால் தரைக்கு இணையாகப் பாய் சுருட்டுவதுபோல் சுருளும் காற்றை, மேலேறும் ஓட்டம் நிமிர்த்தும்போதுதான் மேகமே சுழலத் தொடங்குகிறது. மழையும் மேலேறும் ஓட்டத்தின்மீதே விழுந்து அதை அணைத்துவிடாமல் விலகி விழுகிறது; புயல் மணிக்கணக்கில் உயிரோடிருப்பது அதனால்தான்.

வங்காள விரிகுடாவின் வடகரையைப் பாருங்கள். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியைத் தாக்கிய டொர்னாடோவில் (மேகத்திலிருந்து தரையைத் தொடும் சுழற்காற்றில்) சுமார் 1,300 பேர் இறந்தனர். பருவமழைக்கு முந்தைய அந்த மாதங்களில் கீழே விரிகுடாவின் ஈரமும், அதற்கு மேலே மேற்கிலிருந்து வரும் உலர்காற்றும், இன்னும் உயரத்தில் வலுவான மேற்குக் காற்றும் ஒன்றாக அமைகின்றன. பருவமழை தொடங்கியபின் ஈரம் இன்னும் கூடுகிறது. ஆனால் அந்த மேற்குக் காற்று வடக்கே விலகிவிடுவதால் இத்தகைய புயல்கள் அருகிவிடுகின்றன. ஈரம்தான் காரணம் என்றால் ஜூலையில் அல்லவா அவை பெருக வேண்டும்?

என் அனுபவம் சிறியது. வானிலை பலூன் அனுப்பிய அளவுகளில் காற்று மேலெழும் ஆற்றல் கிலோவுக்கு 4,000 ஜூல் என்று மிகுதியாக இருந்தும், மேல்காற்று சோம்பிக் கிடந்த ஒரு நாளில், நான் அஞ்சிக் காத்திருந்த மேகம் நாற்பது நிமிடத்தில் தன் மழையிலேயே நனைந்து அடங்கியது. அந்த ஏமாற்றம் இன்னும் போகவில்லை.

வழித்துணை
ஒருமுறை ஆலங்கட்டியில் என் காரின் கண்ணாடி முழுதும் போயிற்று. அதைவிட முக்கியமான சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஈரப்புழுதி பார்த்த ரேடார் படம் ஐந்து நிமிடப் பழையதாக இருந்திருக்கலாம்; மணிக்கு 60 கிலோமீட்டர் வேகப் புயல் அதற்குள் ஐந்து கிலோமீட்டர் நகர்ந்துவிடும். மழை மிகுந்த வகை சூப்பர்செல்லில் டொர்னாடோ மழைத்திரைக்குள் மறைந்திருக்கும். தெரியவில்லை என்பதால் இல்லை என்று எண்ணாதீர்கள். மேம்பாலத்தின் அடியில் ஒதுங்காதீர்கள். இடுக்கில் காற்று விசை கூடும், பறந்து வருபவற்றிலிருந்து காப்பும் கிடையாது. 2013 மே 31 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து எல் ரீனோவில் டொர்னாடோ 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து திசை மாறியபோது, நீண்ட கால அனுபவமுள்ள ஆய்வுக்குழுவைச் சேர்ந்த மூவரே காரோடு சிக்கி உயிரிழந்தனர். துரத்திச் செல்லாதவர்கள் தரைத்தளத்தில் சன்னல் இல்லாத உள்ளறையில் இருப்பதே நல்லது. துரத்துபவர்கள் தப்பும் சாலையை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மேகத்தைப் பாருங்கள்.

ஈரப்புழுதி
வழித்துணை அவர்களே, நான் துரத்திச் செல்லவில்லை. பழுதான வண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

மேகநோக்கி
பலூன்கணக்கு சொன்னதைப் படித்தபின், அன்று எடுத்த படங்களை மறுபடி திறந்து பார்த்தேன். கீழே சருகுகள் வடமேற்கே ஓடுகின்றன. அதே படத்தில், எங்கள் தலைக்கு மேல், பட்டறைக்கல்லின் விளிம்பு கிழக்கே நீண்டு கிடக்கிறது. கீழ்க்காற்றும் மேல்காற்றும் எதிரெதிராக ஓடியதை நானே படம் பிடித்திருக்கிறேன். இத்தனை நாளும் சருகுகளைப் பற்றி மட்டுமே பேசிவந்திருக்கிறேன்.