66 வயது, சர்க்கரை, பிபி: ஹெல்த் இன்சூரன்ஸ் சீர்திருத்தத்தால் நிஜமாக என்ன லாபம்?

கொடுமுடியான்:
2024-ல் ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) ஹெல்த் பாலிசி எடுப்பதற்கான வயது வரம்பை எடுத்துவிட்டது, இப்போது ஜிஎஸ்டியும் இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் சர்க்கரை, பிபி உள்ள 66 வயதுக்காரருக்குப் பாலிசி சுலபமாகக் கிடைக்குமா? பிரீமியம் குறையுமா?

பாலிசிப்பித்தன்:
எல்லா வயதுக்கும் கம்பெனியிடம் ஏதாவது ஒரு பாலிசி இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் விண்ணப்பத்தை ஏற்றே ஆகவேண்டும் என்றில்லை. லோடிங் (நோய்க்காகக் கூடுதல் பிரீமியம்) போடலாம், மறுக்கவும் செய்யலாம்.

உண்மையான லாபம் இரண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு (அதுவரை அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காது) 48 மாதத்திலிருந்து அதிகபட்சம் 36 ஆனது. மாரட்டோரியம் 8 வருடத்திலிருந்து 5 ஆனது. 60 மாதம் விடாமல் கட்டினால், மோசடியை நிரூபித்தாலொழிய "நோயை மறைத்தீர்கள்" என்று கிளெய்மை மறுக்க முடியாது. இதை நம்பி "சுகரை எழுதாதீங்க சார், அஞ்சு வருஷம் ஓட்டிடலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நாலாவது வருடம் அட்மிட் ஆனால், டிஸ்சார்ஜ் சம்மரியில் டூட்டி டாக்டர் "10 வருடமாகச் சர்க்கரை" என்று எழுதும் ஒரே வரி போதும். கிளெய்மும் போகும், பாலிசியும் ரத்தாகலாம்.

கணக்குப்புலி:
18% ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், ஃபேமிலி ஃபுளோட்டர் (குடும்பம் முழுவதற்கும் ஒரே பாலிசி) பாலிசிகளுக்கு இல்லை. அடிப்படை பிரீமியம் 40,000 என்றால் 7,200 மிச்சம். ஆனால் கம்பெனிக்கு இன்புட் கிரெடிட் (தன் செலவுகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) போய்விட்டதால், அந்தச் செலவு அடிப்படை பிரீமியத்தில் ஏற வாய்ப்புண்டு. ரினியூவல் நோட்டீஸ் வந்ததும் மொத்தத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாமல், வரிக்கு முந்தைய தொகையைப் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள்.

60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு 10%க்கு மேல் ஏற்ற ஐஆர்டிஏஐயிடம் முன்கூட்டியே பேச வேண்டும். அந்த 10% மட்டுமே வருடாவருடம் ஏறினாலும், 40,000 ஐந்தாவது உயர்வில் 64,420.

கொடுமுடியான்:
கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவது) 1 மணி நேரத்தில் என்கிறார்களே?

பில்கவுன்ட்டர்:
முன் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரம். அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி கேட்கும் கூடுதல் கட்டணம் கம்பெனி தலையில். ஆனால் ஆஸ்பத்திரி ஃபைனல் பில்லை அனுப்பிய பிறகுதான் கடிகாரம் ஓடும். காலை ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்பார் டாக்டர், பில் மத்தியானம்தான் போகும்.

சீர்திருத்தம் தொடாத இடம் அறை வாடகை. வரம்பு 5,000, எடுத்த அறை 8,000 என்றால் வாடகை வித்தியாசத்தோடு விடமாட்டார்கள். டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாம் 62.5% தான் கிடைக்கும். இவை மொத்தம் 2 லட்சம் என்றால் 75,000 உங்கள் கையிலிருந்து. மருந்து, இம்பிளான்ட், பரிசோதனைகளுக்கு இந்த வெட்டு கிடையாது. பில்லில் அவற்றையும் சேர்த்து வெட்டியிருந்தால், கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (புகார் விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.