சைக்கிளில் எடுத்த 2,160 படங்கள், தலைசுற்ற வைக்கும் ஒரு வீடியோ

நண்பர்களே, ஒரு உதவி வேணும்.

ஹேண்டில்பாரில் கேமராவை மாட்டி, 5 வினாடிக்கு ஒரு படம்னு செட் பண்ணி 3 மணி நேரம் ஓட்டினேன். மொத்தம் 2,160 படங்கள். எஃப்எஃப்எம்பெக்ங்கிற வீடியோ மென்பொருளில் வினாடிக்கு 24 ஃப்ரேம் வச்சு கோர்த்தா சரியா 90 வினாடி வீடியோ. கணக்கெல்லாம் கச்சிதம், பார்க்கத்தான் முடியல!

அடிவானம் ஒரு படத்தில் இடப்பக்கம் சாயுது, அடுத்ததில் வலப்பக்கம். பெடல் மிதிக்கிற ஆட்டம் அப்படியே பதிவாகியிருக்கு. ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசர் மென்பொருள் போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 5 வினாடிக்குள் கிட்டத்தட்ட 28 மீட்டர் போயிடறோம். முந்தின படத்தில் பக்கத்தில் நின்ன மரம் இதில் இல்லவே இல்ல. பாவம், ஸ்டெபிலைசர் எதைப் பிடிச்சு நேராக்கும்? படத்தின் கீழ் ஓரத்தில் தெரியற பிரேக் கேபிளைத்தான் பிடிச்சுக்குது போல.

மர நிழலுக்குள்ள போய் வெளிய வரும்போது வெளிச்சம் பளிச் பளிச்னு மாறுது. எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள்ள போற வெளிச்ச அளவை, ஆட்டோவில் விட்டது என் தப்பு. அந்த வெளிச்ச மாற்றத்தைச் சமன் பண்ற டிஃப்ளிக்கர் ஃபில்டர் பாதிதான் சரிபண்ணுச்சு.

அடிவானத்தை மட்டும் வச்சு படங்களை நேராக்க ஏதாவது வழி இருக்கா? படம் 4000க்கு 3000 பிக்சல், வீடியோ 1920க்கு 1080 போதும். அதனால ஓரத்தை வெட்ட தாராளமா இடமிருக்கு. இல்ல, ரொம்ப சாய்ஞ்ச படங்களைத் தூக்கிப் போடறதுதான் வழியா? 2,160 படத்தையும் கையால பார்க்கச் சொல்லிடாதீங்க.

அடுத்த தடவை 1 வினாடி இடைவெளி போதுமா, இல்ல நேரா வீடியோவே எடுத்துடலாமா?